காம்பாக்ட் கேமராவா, நெடுந்தொலைவு பிரிட்ஜ் கேமராவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காம்பாக்ட், பிரிட்ஜ் என்ற பெயர்கள் எவற்றைக் குறிக்கின்றன?

சட்டைப்பையிலோ சிறு கைப்பையிலோ அடங்கும் அளவினதாய், அணைத்தவுடன் லென்ஸ் உடலுக்குள் மடங்கிக்கொள்ளும் கேமராவைக் காம்பாக்ட் என்கிறோம். பிரிட்ஜ் கேமரா தோற்றத்தில் எஸ்எல்ஆரை, அதாவது லென்ஸைக் கழற்றி மாற்றத்தக்க பெரிய கேமராவைப் போன்றது: வலக்கைக்கு ஆழமான பிடி, கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர், முன்னால் துருத்தி நிற்கும் பெரிய லென்ஸ் ஆகியவை அதற்கு உண்டு. ஆனால் எஸ்எல்ஆரில் செய்வதைப் போல லென்ஸைக் கழற்றி மாற்ற இயலாது. காம்பாக்ட், எஸ்எல்ஆர் ஆகிய இரு வகைகளுக்கும் நடுவே பாலமாக நிற்பதால் அப்பெயர் வந்தது. காம்பாக்டிலும் லென்ஸை மாற்ற முடியாது என்பதால், இவற்றில் எதை வாங்கினாலும் அதனுடன் வரும் லென்ஸோடுதான் கடைசிவரை பழகியாக வேண்டும். ஆகவே கேமராவைத் தேர்ந்தெடுப்பதாக எண்ணாமல், லென்ஸைத் தேர்ந்தெடுப்பதாக எண்ணிக்கொள்வது நல்லது.

பெட்டியின்மேல் "40 மடங்கு", "83 மடங்கு" என்று அச்சிட்டிருப்பதன் பொருள் என்ன?

அது ஒரு விகிதம் மட்டுமே. லென்ஸின் மிக நீண்ட குவியத் தூரத்தை (லென்ஸ் எவ்வளவு தொலைவை நெருக்கிக் காட்டும் என்பதைச் சொல்லும் மி.மீ. அளவு) மிகக் குறுகிய குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. வெறுங்கண்ணால் காண்பதைவிட 83 மடங்கு பெரிதாகத் தெரியும் என்று அதற்குப் பொருளில்லை. 2015இல் வெளிவந்த நிக்கான் கூல்பிக்ஸ் பி900 கேமராவின் லென்ஸ், 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் கணக்கில் சொன்னால், 24 முதல் 2000 மி.மீ. வரை செல்கிறது, 2000ஐ 24ஆல் வகுத்தால் வருவது 83. கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 என்ற காம்பாக்டில் 24 முதல் 960 மி.மீ. வரை உண்டு, அதனால் அது 40 மடங்கு.

இரண்டு கேமராக்களை ஒப்பிடும்போது மடங்கை விட்டுவிட்டு இரு முனைகளையும் தனித்தனியே பாருங்கள். 24 மி.மீ. என்றால் மூலைக்கு மூலை சுமார் 84 பாகை அகலமுள்ள காட்சி படத்துக்குள் வரும். 600 மி.மீ.யில் அது 4 பாகையாகவும், 2000 மி.மீ.யில் ஒரு பாகையைச் சற்றே தாண்டியதாகவும் சுருங்கிவிடும். அகல முனை 24 என்பதற்குப் பதிலாக 28 என்றிருந்தால், சிறிய அறைக்குள் நின்று படம் எடுக்கும்போது அந்தக் குறை உடனே தெரியும். "டிஜிட்டல் ஜூம்" என்று தனியாகப் போட்டிருக்கும் எண்ணைப் பொருட்படுத்தவே வேண்டாம். படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிப் பெரிதாக்குவதுதான் அது.

2000 மி.மீ. லென்ஸ் என்றால் ஆளுயரக் குழாய்போல் இருக்க வேண்டாமா? கையில் பிடிக்கும் உடலுக்குள் அது எப்படி அடங்குகிறது?

சென்சாரை, அதாவது ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் சில்லை, சிறியதாக்குவதால்தான் அடங்குகிறது. நெடுந்தொலைவு பிரிட்ஜ் கேமராக்களில் பெரும்பாலானவை 1/2.3 அங்குல வகைச் சென்சாரைக் கொண்டவை. அதன் உண்மையான அளவு ஏறத்தாழ 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ., அதாவது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. காட்சியின் மிகக் குறுகிய துண்டு மட்டுமே அந்தச் சிறு பரப்பில் விழுவதால், குறைந்த குவியத் தூரமே பெருந்தொலைவு லென்ஸின் பலனைத் தந்துவிடுகிறது. 2018இல் வந்த கூல்பிக்ஸ் பி1000 கேமராவில் 3000 மி.மீ. என்று விளம்பரப்படுத்தப்படும் லென்ஸின் மெய்யான குவியத் தூரம் 539 மி.மீ.தான். இதில் ஏமாற்று எதுவுமில்லை. ஆனால் இந்தச் சுருக்கு வழிக்கு ஒரு விலை உண்டு. அடுத்த இரண்டு விடைகளும் அந்த விலையைப் பற்றியவையே.

அப்படியானால் படத்தின் தெளிவு குறையுமா?

குறையும், எங்கே, ஏன் குறைகிறது என்பதை அறிந்துகொண்டால் ஏமாற்றம் இராது.

ஒளி ஒரு துளை வழியே செல்லும்போது விளிம்பில் சற்றே சிதறுவதால், தொலைவிலுள்ள ஒரு புள்ளி சென்சாரின்மீது புள்ளியாக விழாமல் சிறு வட்டமாகவே விழுகிறது. லென்ஸின் தரம் எவ்வளவு உயர்ந்தாலும் இதை மாற்ற முடியாது; இது ஒளியின் இயல்பு. குவியத் தூரத்தை லென்ஸின் துளை விட்டத்தால் வகுத்து வருவது எஃப் எண்; அது கூடக்கூட அந்த வட்டமும் பெரிதாகும். பி1000இன் நீண்ட முனையில் துளையின் உச்ச அளவே எஃப்/8 என்பதால், பச்சை ஒளிக்கு அவ்வட்டத்தின் விட்டம் 10 மைக்ரோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. 1.6 கோடி பிக்சல்களை அச்சிறு சென்சாரில் அடுக்கியிருப்பதால் ஒரு பிக்சலின் அகலமோ 1.3 மைக்ரோமீட்டர் அளவுதான். ஆக, ஒரே புள்ளியின் ஒளி, குறுக்கே ஏழெட்டுப் பிக்சல்களின்மீது பரவுகிறது. முழு ஜூமில் எடுத்த படத்தைத் திரையில் நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும்போது நீர்வண்ண ஓவியம்போல் மெழுகிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்; மென்பொருள் இரைச்சலை (படத்தில் தோன்றும் மணல்போன்ற புள்ளிகளை) அகற்றும்போது நுண்விவரங்களையும் சேர்த்துத் துடைத்துவிடுவது மற்றொரு காரணம்.

இருந்தாலும் இந்தக் குறையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. எட்டாத் தொலைவிலுள்ள ஒன்றை மெழுகிய படமாகவேனும் அடையாளம் காண முடிவதும், அது என்னவென்றே தெரியாத ஒரு புள்ளியாகப் பதிவதும் ஒன்றல்ல.

மங்கிய வெளிச்சத்தில் எது சிறந்தது?

இந்தக் கேள்விக்குத் தயக்கமின்றி விடை சொல்லலாம்: 1 அங்குல வகைச் சென்சாரும் அகலத் துளையும் கொண்ட காம்பாக்டே சிறந்தது. பெயரில் ஓர் அங்குலம் இருந்தாலும் அந்தச் சென்சாரின் அளவு 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ.; பரப்பில் 1/2.3 அங்குலச் சென்சாரைப்போல் நான்கு மடங்கு.

எஃப் எண்ணை விடத் துளையின் மெய்யான விட்டம் இங்கே தெளிவாகப் பேசும். கேனான் ஜி7 எக்ஸ் இரண்டாம் பதிப்பில் அகல முனையின் குவியத் தூரம் 8.8 மி.மீ.; துளை எஃப்/1.8. வகுத்தால் விட்டம் ஏறக்குறைய 4.9 மி.மீ. வருகிறது. பி1000இல் அதே அகலக் காட்சிக்கு 4.3 மி.மீ.யை 2.8ஆல் வகுத்தால் வருவது 1.5 மி.மீ.தான். பரப்பைக் கணக்கிட்டால், சட்டைப்பையில் அடங்கும் கேமரா பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது; ஒன்றரைக் கிலோவை நெருங்கும் கேமராவோ ஊசித்துளை வழியே பார்ப்பதுபோல் பார்க்கிறது. மாலை விருந்து, அரங்க நிகழ்ச்சி, விளக்கொளியில் அமர்ந்திருக்கும் வீட்டார் ஆகியவற்றை மிகுதியாக எடுப்பவர் பிரிட்ஜ் கேமராவின் பருமனைக் கண்டு, பெரியது என்பதால் நன்றாக எடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. நீண்ட முனைக்கு வந்தால் கதை தலைகீழாகிவிடும்: 539 மி.மீ.யை 8ஆல் வகுத்தால் 67 மி.மீ. வருகிறது. அந்த முன்கண்ணாடி அவ்வளவு பெரியதாக இருப்பது தொலைவுக்காகவே அன்றி இருட்டுக்காக அல்ல.

பறவைகளைப் படம் எடுக்க எவ்வளவு ஜூம் தேவை?

கணக்கிட்டே பார்த்துவிடலாம். 15 செ.மீ. நீளமுள்ள சிறு பறவை ஒன்று 20 மீட்டர் தொலைவில் கிளையில் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். 200 மி.மீ. வரை செல்லும் 2 கோடிப் பிக்சல் காம்பாக்டில் அப்பறவை படத்தின் அகலத்தில் இருபத்துநான்கில் ஒரு பங்கை, அதாவது சுமார் 230 பிக்சல்களை மட்டுமே பிடிக்கும். 600 மி.மீ.யில் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 680 பிக்சல். 2000 மி.மீ.யிலோ படத்தின் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கைத் தாண்டி, 2000 பிக்சல் அளவுக்கு நிரம்பிவிடும். சிறகின் வரிகளையும் அலகின் நிறத்தையும் பார்த்து இனம் காண விரும்புபவருக்கு 200 மி.மீ. போதவே போதாது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆயினும் அமர்ந்த பறவைக்கும் பறக்கும் பறவைக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. ஒரு பாகை அகலச் சாளரத்தின் வழியே பறக்கும் பறவையைத் தேடுவது, நீண்ட குழாய் வழியாக வானத்தில் கொசுவைத் தேடுவதற்கு ஒப்பானது. இதற்காகவே நல்ல பிரிட்ஜ் கேமராக்களில், அழுத்திப் பிடித்திருக்கும்வரை காட்சியை அகலமாக்கிக் காட்டி, விட்டவுடன் பழைய ஜூமுக்குத் திரும்பும் பொத்தான் ஒன்றை வைத்திருப்பார்கள். வாங்குவதற்கு முன் அது எந்த விரலுக்கு எட்டுகிறது என்று பாருங்கள். விவரப் பட்டியலில் எவரும் கண்டுகொள்ளாத அந்தப் பொத்தானே நாளெல்லாம் பயன்படப்போகிறது. ஃபோகஸ் வேகமும் தொடர்ந்து படம் எடுக்கும் திறனும் அத்தகையவையே. பி900, பி1000 ஆகியவை விநாடிக்கு 7 படங்கள் எடுக்கும். ஆனால் 7 படங்களிலேயே நினைவகம் நிரம்பி, அட்டையில் எழுதி முடிக்கும்வரை நம்மைக் காக்கவைக்கும். காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் மீன்கொத்தி நீருக்குள் பாயும்.

நிலாவை எடுக்க முடியுமா?

முடியும், நெடுந்தொலைவு பிரிட்ஜ் கேமரா மிக எளிதாக வெல்லும் பொருள் அதுவே. நிலா வானில் அரைப் பாகை அகலமே கொண்டது. 200 மி.மீ. காம்பாக்டில் அது படத்தின் உயரத்தில் பதின்மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள பொட்டாகத்தான் விழும், 2000 மி.மீ.யில் உயரத்தின் மூன்றில் இரண்டு பங்கை நிரப்பும், 3000 மி.மீ.யிலோ நிலா புவிக்கு நெருங்கி வரும் நாள்களில் விளிம்பு வெட்டுப்பட்டுவிடும்.

புதிதாக எடுப்பவர்கள் செய்யும் பிழை ஒன்றுதான்: இரவு என்பதால் இரவுக்கான அமைப்பை வைத்துவிடுகிறார்கள். நிலா வெயிலில் கிடக்கும் பாறை. எஃப்/8, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 100, ஷட்டர் வேகம் விநாடியில் இருநூறில் ஒரு பங்கு என்ற அளவில் தொடங்கிச் சற்று முன்பின் மாற்றிப் பாருங்கள். முழுநிலவைவிட அரைநிலவு நாள்களில் பள்ளங்களின் நிழல் நீண்டு விழுவதால் படம் உயிரோடு இருக்கும்.

வெயில் நேரத்தில் தொலைதூரக் காட்சிகள் நெளிநெளியாக வருகின்றனவே, கேமராவில் கோளாறா?

இல்லை. சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைத்துக் குலைக்கிறது. இதை எந்த லென்ஸாலும் சரிசெய்ய இயலாது. பல இலட்சம் பெறும் லென்ஸுக்கும் இதே கதிதான். விடியற்காலையில் எடுங்கள், அல்லது பொருளை நோக்கி நடந்து செல்லுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோபுரத்தை நண்பகலில் எடுத்துப் பார்த்துவிட்டு, கேமரா பழுது என்று திருப்பிக் கொடுக்க நினைப்பவர்கள் ஒரு காலைப் பொழுது பொறுத்திருக்கலாம்.

கைநடுக்கத்தை எப்படிச் சமாளிப்பது? முக்காலி கட்டாயமா?

குவியத் தூரத்தின் எண் எதுவோ, விநாடியில் அத்தனையில் ஒரு பங்காவது ஷட்டர் வேகம் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2000 மி.மீ.க்கு விநாடியில் 2000இல் ஒரு பங்கு. லென்ஸுக்குள் இருக்கும் நடுக்கத் தடுப்பு ஐந்து படிகள் (ஒவ்வொரு படிக்கும் வேகத்தைப் பாதியாக்கலாம்) கைகொடுக்கும் என்று கொண்டால், 60இல் ஒரு பங்கு வரை இறங்கலாம். தடுப்பு நம் கையின் நடுக்கத்தைத்தான் அடக்கும். கிளை காற்றில் ஆடுவதையோ பறவை தலையைத் திருப்புவதையோ அடக்காது. எனவே நகரும் பொருளுக்கு 500இல் ஒரு பங்குக்குக் கீழே இறங்காதிருப்பதும், அதற்காக ஐஎஸ்ஓவைச் சற்று உயர்த்திக்கொள்வதும் நல்லது. சுவரில் சாய்ந்துகொண்டு, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கேமராவை நெற்றியில் பதித்துப் பிடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். முக்காலியில் வைத்தால் 2 விநாடித் தாமதத்தைப் போட்டுவிடுங்கள். பொத்தானை அழுத்தும் விரலே நடுக்கத்துக்குப் போதும்.

வியூஃபைண்டர் உண்மையிலேயே தேவையா?

ஜூம் 200 மி.மீ.யைத் தாண்டினால் தேவை. கையை நீட்டித் திரையைப் பார்த்து எடுக்கும்போது கேமரா ஆடும்; வெயிலில் திரையே தெரியாது. கண்ணருகே வைத்தால் முகமே மூன்றாவது பிடியாகிவிடும்.

கையில் நல்ல கைப்பேசி இருக்கும்போது காம்பாக்ட் எதற்கு?

2010இல் உலகெங்கும் 10 கோடிக்கும் மேற்பட்ட, லென்ஸ் மாற்ற இயலாத டிஜிட்டல் கேமராக்கள் கிடங்குகளிலிருந்து அனுப்பப்பட்டன. 2023இல் அந்த எண்ணிக்கை 20 இலட்சத்தை எட்டவில்லை. கைப்பேசி விழுங்கியது இந்தச் சந்தையைத்தான். அதனால், 1/2.3 அங்குலச் சென்சாரும் குறைந்த ஜூமும் கொண்ட எளிய காம்பாக்டை இன்று புதிதாக வாங்குவதில் பொருளில்லை என்பதே என் கருத்து. நல்ல கைப்பேசி பல படங்களை நொடியில் அடுக்கி ஒன்றாக்கும் திறத்தால் அதை முந்திவிடும். 2014லேயே 1 அங்குல வகைச் சென்சார் கைப்பேசிக்குள் வந்துவிட்டது.

காம்பாக்டுக்கு மூன்று இடங்கள் எஞ்சியுள்ளன. ஒன்று, நகரும் கண்ணாடிகளால் ஆன மெய்யான ஜூம். சோனி ஆர்எக்ஸ்100 ஏழாம் பதிப்பு 302 கிராம் எடையில் 24 முதல் 200 மி.மீ. வரை செல்கிறது. இரண்டு, பெரிய சென்சார். ரிக்கோ ஜிஆர் மூன்றாம் பதிப்பில் ஜூம் அறவே இல்லை. ஆனால் எஸ்எல்ஆர்களில் காணும் ஏபிஎஸ்-சி சென்சாரை 257 கிராமுக்குள் அடக்கியிருக்கிறார்கள். மூன்றாவது, அழைப்பும் செய்தியும் குறுக்கிடாமல் படம் மட்டுமே எடுக்கும் கருவி என்பது. சிலருக்கு இதுவே முதற்காரணம்.

இரண்டுக்கும் நடுவே வழி ஏதும் உண்டா?

உண்டு, இரு திசைகளிலும் உண்டு. காம்பாக்ட் உடலில் ஜூமை நீட்டியவை ஒரு வகை. பானசோனிக் டிஇசட்200 இதற்கு எடுத்துக்காட்டு: 1 அங்குலச் சென்சாரோடு 24 முதல் 360 மி.மீ. வரை, வியூஃபைண்டரும் உண்டு. பிரிட்ஜ் உடலில் சென்சாரைப் பெரிதாக்கியவை மற்றொரு வகை. பானசோனிக் எஃப்இசட்1000, 2014இல் 25 முதல் 400 மி.மீ. வரையிலான லென்ஸோடு வந்தது. 2017இல் வந்த சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பு 600 மி.மீ. வரை சென்றும் அங்கே எஃப்/4 துளையைத் தருகிறது, விநாடிக்கு 24 படங்கள் எடுக்கிறது, ஃபோகஸும் விரைவானது. ஓடும் குழந்தையையும் பாயும் விளையாட்டு வீரரையும் எடுக்க வேண்டுமென்றால் 3000 மி.மீ. பிரிட்ஜைவிட இதையே பரிந்துரைப்பேன். எடை 1095 கிராம் என்பதையும், விலை கையைக் கடிக்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பின்னணியை மங்கலாக்க எது உதவும்?

காம்பாக்டைவிட பிரிட்ஜே உதவும். ஆனால் பின்னோக்கி நடந்து, ஜூமை நீட்டி எடுத்தால் மட்டும். அருகில் நின்று அகல முனையில் எடுத்தால் இரண்டுமே எல்லாவற்றையும் தெளிவாகவே காட்டும்.

மெகாபிக்சல் எவ்வளவு இருந்தால் போதும்?

16 போதும். இந்தக் கேமராக்களில் தெளிவைத் தடுப்பது பிக்சல் எண்ணிக்கை அன்று.

எனக்கு எவ்வளவு ஜூம் தேவை என்பதை வாங்குமுன்பே எப்படி அறிவது?

உங்களிடம் ஏற்கெனவே உள்ள படங்களே விடை சொல்லும். ஒவ்வொரு டிஜிட்டல் படத்தின் கோப்பிலும் அது எடுக்கப்பட்ட குவியத் தூரம் பதிந்திருக்கும். கணினியில் அக்கோப்பின் விவரத்தைத் திறந்தால் தெரியும். கடந்த ஆண்டில் எடுத்தவற்றில் நீங்களே விரும்பி வைத்திருக்கும் நூறு படங்களை எடுத்துக்கொண்டு, எத்தனை 100 மி.மீ.க்கு உட்பட்டவை, எத்தனை ஜூமின் கடைசி முனையில் முட்டி நின்றவை, எத்தனை பின்னர் வெட்டிப் பெரிதாக்கப்பட்டவை என்று எண்ணுங்கள். பலர் தாம் தொலைவையே எடுப்பதாக நினைத்திருப்பார்கள். எண்ணிப் பார்த்தால் பெரும்பகுதி பத்து அடிக்குள் நின்ற மனிதர்களாக இருக்கும்.

அதன்பின் ஒரு கிலோ எடையுள்ள பொருள் எதையாவது ஒரு வாரம் தோள்பையில் போட்டுக்கொண்டு திரிந்து பாருங்கள். மூன்றாம் நாளே அதை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினால், பிரிட்ஜ் கேமராவும் அலமாரியில்தான் இருக்கும். இந்தச் சோதனை வேடிக்கையாகத் தோன்றலாம். நான் இதைச் செய்யாமல் வாங்கிய கேமரா இரண்டு ஆண்டுகளில் நான்கு முறைதான் வெளியே வந்தது.

இரண்டையும் வைத்துக்கொள்வது வீண்செலவா?

ஒன்று செய்வதை மற்றொன்று செய்யாதவரை வீணில்லை. 1 அங்குலக் காம்பாக்டும், பழைய 1/2.3 அங்குல நெடுந்தொலைவு பிரிட்ஜும் ஒன்றையொன்று இடிக்காத இணை. 40 மடங்குக் காம்பாக்டையும் 65 மடங்கு பிரிட்ஜையும் சேர்த்து வைத்திருப்பதுதான் வீண். சென்சார் ஒரே அளவு, குறைகளும் ஒரே குறைகள்.

பயன்படுத்திய கேமராவை வாங்கும்போது எவற்றைச் சோதிக்க வேண்டும்?

இவ்வகைக் கேமராக்களில் பல இப்போது பழையதாகத்தான் கிடைக்கும் என்பதால் இது முதன்மையான கேள்வி. முதலில் லென்ஸைப் பத்து முறையாவது முழுவதும் நீட்டி மடக்குங்கள். பற்சக்கரம் அரைபடும் ஒலியோ, பாதியில் திணறலோ இருந்தால் விட்டுவிடுங்கள். மடங்கும் லென்ஸ் முதலில் பழுதாவது அங்கேதான். அடுத்து, வெறும் வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ நோக்கி, துளையை இயன்றவரை சுருக்கி, அகல முனையிலும் நீண்ட முனையிலும் ஒவ்வொரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறப் பொட்டுகள் தெரிந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. லென்ஸ் கழலாத கேமராவில் அதை வீட்டில் துடைக்க வழியில்லை. உறையின்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்ததால் என் முதல் காம்பாக்டுக்கு இதே நிலை வந்தது.

மின்கலத்தையும் கவனியுங்கள். புதிதாக இருந்தபோதே ஆர்எக்ஸ்100 ஏழாம் பதிப்புக்கு 260 படங்கள், பி1000க்கு 250 படங்கள் என்பதுதான் கணக்கு; முதிர்ந்த மின்கலம் அதில் பாதியைத் தரலாம். அதே மாதிரி மின்கலம் இன்னும் புதிதாகக் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டே விலை பேசுங்கள். ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்த தரவைச் சுருக்காத வடிவில், படம் எடுத்துப் பின்னர் திருத்தும் பழக்கமுள்ளவர்கள், பி900இல் அந்த வசதி இல்லை, பி950இலும் பி1000இலும் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும். பெயரில் ஓரெண் மாறினாலும் விற்பவர் மூன்றையும் ஒன்றாகவே சொல்லக்கூடும்.